ரெய்ன்ஸ் நொண்டல்

அன்று கெட்ரன் வீட்டுக் கொட்டகை முன்னால் இருந்தவர்கள் இவர்கள்: வீட்டுக்கு மூத்தவள் ஒர்லீனா கெட்ரன், அவள் தம்பி லைஜ், லைஜின் மனைவி டல்சி, போதகர் ஹார்மன் ஸ்டௌட், மாவு மில்காரன் பர்ல் டிப்டன், துப்பாக்கிக் குழல் தேய்க்க வந்த ஆஸ்பி ரெய்ன்ஸ். வேறு யாரும் இல்லை. தானும் அங்கே நின்று பார்த்ததாகப் பின்னாளில் சொல்லிக்கொண்டவர்கள் லாரல் ஓடைக் கரை நெடுக உண்டு. அத்தனை பேரையும் நிற்கவைக்க அந்தக் கொட்டகை வாசல் போதாது.

சாட்சிக்கு ஆள் வேண்டும் என்றவள் ஒர்லீனாதான். ரெய்ன்ஸ் வீட்டுக் கை கெட்ரன் துப்பாக்கியில் படுவதானால், தன் வேலிக்குள்ளே, பகல் வெளிச்சத்தில், போதகர் கண்ணெதிரே படட்டும். வேலை முடிந்ததும் குழல் திரும்ப அடுப்பு மேடைக்கு மேலே தன் ஆணிக்குப் போய்விட வேண்டும். இதற்கெல்லாம் சம்மதமென்றால் வரச் சொல் என்று லைஜிடம் சொல்லி அனுப்பினாள். ஆஸ்பி சம்மதித்து வந்தான். அதுவே அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. மறுத்திருந்தால் பேச்சு அதோடு முடிந்திருக்கும்.

அந்தத் துப்பாக்கியை ஒர்லீனாவின் அப்பா ஜூபல் கெட்ரன் செய்தார். விசை, பிடிமரம், குழல் மூன்றும் ஒரே மனிதர் கையால் ஆனது என்பது ஓடைக்கே தெரிந்த சங்கதி. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் மாட்டுப் போட்டி நடக்கும். ஒரு கொழுத்த மாட்டைப் பங்கு போட்டுச் சுடுவார்கள். நன்றாகச் சுட்டவன் பின்னந்தொடையை எடுத்துக்கொள்வான், அடுத்தவன் இன்னொரு தொடையை, அதற்கடுத்தவர்கள் முன்னங்கால்களை. ஐந்தாமவனுக்குத் தோலும் கொழுப்பும். ஆறாம் பங்கு, சுட்டதெல்லாம் போய்ப் புதைந்த மரத்திலிருக்கும் ஈயம். கோடரியால் கொத்தி எடுத்துக்கொள்ள வேண்டியது. ஜூபல் இருந்தவரையும், அவருக்குப் பின் லைஜ் கையிலும், கெட்ரன் துப்பாக்கி தொடைக்குக் கீழே இறங்கியதில்லை. ஆனால் போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் தோலோடு வந்தான் லைஜ். போன வருஷம் வெறுங்கையோடு.

"அப்பா செஞ்ச குழல நான் குத்தம் சொல்லலக்கா" என்றான். "உள்ள ஒரு எடத்துல சொரசொரன்னு இருக்கு. அங்கயே மருந்துக் கரி புடிச்சுக்குது. மூணு நாலு குண்டு போனதும் குண்டச் சுத்திப் போடுற துணி கிழியுது. அப்புறம் குண்டு அதோட இஷ்டத்துக்குப் போகுது."

"சுடுறவன் கைதான் இஷ்டத்துக்குப் போகுதுன்னு பேசிக்கிறாங்க."

"அதத்தான் நானும் சொல்றேன். இப்ப என் கையச் சொல்றாங்க. அடுத்த வருஷம் அப்பா கையச் சொல்லுவாங்க. ஒனக்குப் பரவாயில்லையா?"

ஒர்லீனா சோளரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

"இந்த ஓடையில குழல் தேய்க்கத் தெரிஞ்ச ஆளு ஒருத்தன்தான் மிச்சம்."

"அவன் பேர என் அடுப்பு முன்னால சொல்லாத."

"நான் எங்க சொன்னேன்? நீதான் நெனச்சுக்கிட்ட."

ரெய்ன்ஸ் பெயர் அந்த வீட்டில் ஒரு வேடிக்கைப் பெயர். ஆஸ்பியின் அப்பா சைலஸ் ரெய்ன்ஸும் துப்பாக்கி செய்தவர்தான். குழலுக்குள் சுழன்று போகும் புரிகளை வெட்ட ஒவ்வொரு பட்டறையிலும் ஒரு மரக்கட்டை உண்டு. அந்தக் கட்டை சுழன்றபடி புரியும் சுழலும். சைலஸின் கட்டை எப்போதோ விரிசல் விட்டு, அதில் ஓர் ஆப்பு அடித்திருந்தார். ஆப்பு வந்த இடத்தில் வெட்டும் உளி மயிரிழை துள்ளும். அதனால் அவர் வெட்டிய குழல் ஒவ்வொன்றிலும், வாயிலிருந்து ஒரு சாண் உள்ளே, எல்லாப் புரியும் ஒரே இடத்தில் ஒரு படி இடறியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. உள்ளே ஈயம் ஊற்றி எடுத்தால் ஈயத்தில் தெரியும். பழுதுக்கு வந்த ரெய்ன்ஸ் குழல் ஒன்றில் ஜூபல் ஈயம் ஊற்றி எடுத்து, அதை மாட்டுப் போட்டிக்குக் கொண்டுபோய்க் கைமாற்றிக் கைமாற்றிக் காட்டினார். "பாருங்கப்பா, சைலஸ் வெட்டுன புரிகூட நொண்டுது" என்றார். அன்றிலிருந்து அதற்கு ரெய்ன்ஸ் நொண்டல் என்றே பெயர். சைலஸிடம் துப்பாக்கி செய்யச் சொல்லி வந்தவர்கள் ஒருவர் ஒருவராகக் குறைந்தார்கள். கடைசிக் காலத்தில் அவர் மண்வெட்டிக்குப் பிடியும் செத்தவர்களுக்குப் பெட்டியும் செய்தார். இந்தக் கதையை ஒர்லீனா சாப்பாட்டு மேசையில் நன்றாகச் சொல்வாள். சைலஸ் போல நொண்டி நடந்துகூடக் காட்டுவாள். டல்சி கல்யாணமாகி வந்த முதல் வாரம் கேட்ட கதையே அதுதான்.

ஆஸ்பி வந்ததும் தொப்பியைக் கழற்றி எல்லோருக்கும் ஒரு வணக்கம் சொன்னான். அறுபது தாண்டிய ஒல்லி மனிதன். பேச்சு குறைவு. பிடிமரத்திலிருந்து குழலைப் பிரித்து, அடிமூடியைக் கழற்றி, வெந்நீர் ஊற்றிக் கழுவினான். கறுப்புத் தண்ணீர் வெளுக்கும்வரை கழுவினான்.

"இந்தத் தண்ணியிலயே ரெண்டு வருஷத் தோல்வியும் போயிருக்கும்" என்றான் பர்ல் டிப்டன்.

"ஒன் மாவுல இருக்கற கல்லு போகுமான்னு பாரு" என்றான் லைஜ். போதகர்கூடச் சிரித்தார்.

ஆஸ்பி குழலைத் தூணோடு நிமிர்த்திக் கட்டினான். முனையில் வெட்டுப் போட்ட இரும்புக் கம்பி ஒன்றை உள்ளே விட்டு, ஈயம் கீழே ஒழுகாமல் சணல் நார் சுற்றினான். குழலைக் கங்கு காட்டிச் சூடாக்கிக்கொண்டு, கரண்டியில் உருகிய ஈயத்தை வாய் வழியாக ஊற்றினான். ஈயம் கம்பியைக் கவ்விக்கொண்டு புரிகளுக்குள் இறங்கி உறைந்தது. இனி அந்த ஈயம்தான் தேய்க்கும் கட்டை. எண்ணெயும் எமரிப் பொடியும் பூசி, கம்பியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால், சொரசொரப்பெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

குழலை இறக்கி, கொட்டகைப் பலகையில் படுக்க வைத்துக் கட்டியதும் ஒர்லீனா முன்னால் வந்தாள்.

"மொத இழுப்பு நான் இழுக்கறேன்."

"எமரி போடாமலா?" என்றான் ஆஸ்பி.

"போடாமத்தான். உள்ள எப்படி இருக்குன்னு என் கைக்குத் தெரியணும்."

சின்ன வயசில் அப்பாவுக்கு அவள்தான் கம்பி இழுத்துக் கொடுப்பாள். லைஜ் அப்போது தொட்டிலில் கிடந்தான். ஜூபலுக்கு ஒரு மகன் வளர்ந்து வரும்வரை அவள் கைதான் அவருக்கு இன்னொரு கை. மேல்சட்டைக் கையை மடித்துவிட்டுக் கம்பியின் பிடியைப் பற்றினாள். ஈயம் மெல்ல நகர்ந்தது. புரியோடு சேர்ந்து மணிக்கட்டு தானாகத் திரும்பியது. அப்பாவின் குழல் இது, அவர் மூச்சு போலச் சீராக வருகிறது என்று நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் கம்பி ஓர் இடத்தில் தயங்கியது. மயிரிழை இடறி, 'டிக்' என்று ஒரு சத்தத்தோடு மறுபடி தடத்தில் சேர்ந்துகொண்டது.

ஒர்லீனா கையை எடுக்கவில்லை. கம்பியைத் திரும்பத் தள்ளினாள். அதே இடத்தில் அதே இடறல்.

அந்த இடறல் அவள் கைக்குப் பழக்கம். அப்பாவிடம் பழுதுக்கு வந்த குழல்களில் எத்தனையோ முறை அது அவள் மணிக்கட்டைத் தட்டியிருக்கிறது. தட்டும்போதெல்லாம் "அப்பா, இது ரெய்ன்ஸ்!" என்று கத்திச் சிரிப்பாள். அவரும் சிரிப்பார். அந்த வார்த்தை இப்போதும் தொண்டைவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நகர்ந்து நின்றாள்.

ஆஸ்பி அவள் முகத்தை ஒருமுறை பார்த்தான். பிறகு கம்பியைத் தள்ளி, ஈயம் ஒரு சாணுக்கு மேல் வாய்க்கு வெளியே தெரியும்படி நிறுத்தினான். எல்லாப் புரிகளும் ஈயத்தில் வெள்ளிக்கோடாக மின்னின. ஒவ்வொரு கோட்டிலும் ஒரே மட்டத்தில், ஒரு சின்னப் படி. சுற்றி வந்த அவன் கட்டைவிரல் நகம் அங்கே நின்றது.

"என்ன ஆஸ்பி, ஜூபல் மாமா குழல்ல ஒங்க வீட்டு நொண்டல் இருக்கான்னு தேடுறியா?" என்றான் பர்ல்.

லைஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். டல்சி மேலங்கி நுனியை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஆஸ்பி தன் கட்டைவிரலை அந்தப் படிகள்மேல் அப்படியே வைத்து மூடிக்கொண்டான்.

ஒர்லீனா குன்றைப் பார்ப்பது போல நிமிர்ந்து நின்றாள். இந்தத் துப்பாக்கி உருவான குளிர்காலம் அவளுக்கு நினைவு வந்தது. அப்பாவின் வலதுகை உலையில் வெந்து, வாத்துக்கொழுப்பு தடவித் துணி சுற்றியிருந்தது. சைலஸ் ரெய்ன்ஸ் ஒருநாள் மாவுச்சாக்கில் சுருட்டிய நீளமான எதையோ தோளில் வைத்துக்கொண்டு வந்தார். அம்மா அவளைத் தண்ணீர் எடுத்துவரச் சொல்லி ஊற்றுக்கு அனுப்பினாள். வெந்த கையோடு அப்பா எப்படி அந்த வசந்தத்தில் புதுத் துப்பாக்கியோடு நின்றார் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதுகூட இல்லை. நொண்டல் கதையை அவர் போட்டியில் சொல்லத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

இப்போது கெட்ரன் பெயர் ஒரு ரெய்ன்ஸின் கட்டைவிரலுக்குக் கீழே இருந்தது. அவன் விரலை எடுத்து, 'பர்ல், இங்க வா, பாரு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாட்சிக்குப் போதகரை அழைத்து வைத்தவளும் அவளே.

"ஈயம் நல்லா வந்திருக்கு" என்றான் ஆஸ்பி. பிறகு அவள் பக்கம் திரும்பினான். "மிஸ் ஒர்லீனா, ஒண்ணு கேட்டுக்கறேன். எமரி போட்டுத் தேய்க்க ஆரம்பிச்சா, இப்ப உள்ள இருக்கறது போயிடும். அப்புறம் வேணும்னு நெனச்சாலும் திரும்ப வராது. இப்படியே விட்டுடலாம்னா விட்டுடறேன். நீங்க சொல்லுங்க."

"போதகரே, கல்யாணத்துல நீங்க கேக்குற மாதிரியே கேக்குறான் பாருங்க" என்றான் பர்ல்.

"போட்டுத் தேயேன்ப்பா, அதுக்குத்தானே கூப்பிட்டோம்" என்றான் லைஜ்.

ஆஸ்பி லைஜைப் பார்க்கவில்லை. அவள் பதிலுக்காக நின்றான். அவன் கேட்டது அவளுக்கு மட்டும் முழுசாகப் புரிந்தது. அது மிரட்டல் இல்லை என்பதும் புரிந்தது. மிரட்டலாக இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். துரத்தியிருப்பாள்.

"போடு" என்றாள்.

அவன் விரலை எடுக்காமலே எண்ணெயைத் தொட்டுப் பூசினான். கறுத்த எமரிக் குழம்பு படிகளை மூடியது. கம்பியைப் பற்றி இழுக்கத் தொடங்கினான்.

தேய்ப்பதில் பார்க்க ஒன்றும் இருக்காது. போதகர் கொஞ்ச நேரத்தில் விடைபெற்றார். பர்ல் புகையிலை மென்றபடி மில்லுக்குக் கிளம்பினான். லைஜ் விறகு பிளக்கப் போனான். ஒர்லீனா மட்டும் கொட்டகைத் தூண் பக்கம் நின்றாள். ஒவ்வொரு இழுப்பிலும் அந்த 'டிக்' கேட்டது. ஈயம் தேய்ந்து தளர்ந்ததும் அதை உருக்கி மறுபடி ஊற்றினான். மறுபடியும் 'டிக்', முன்னைவிடச் சன்னமாக. குழல் வாய் அகன்றுவிடக் கூடாதென்று ஒவ்வொரு இழுப்பையும் வாய்க்கு உள்ளேயே நிறுத்தினான். அதில் மட்டும் ஒருமுறைகூடக் கவனம் பிசகவில்லை. தன் அப்பா வெட்டிய தடத்தைத் தன் கையாலேயே அழித்துக்கொண்டிருந்தவன், அந்தக் குழலைச் சொந்தப் பிள்ளை தலையைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தான். வெயில் கொட்டகையின் மறுபக்கம் போனபோது சத்தம் நின்றுவிட்டது. கம்பி மட்டும் எண்ணெயில் வழுக்கி வந்து போனது.

வேலைக்கு வந்தவனை மேசையில் உட்காரவைத்துச் சோறு போடுவது அந்த ஓடையின் மரியாதை. ரெய்ன்ஸ் தன் மேசையில் உட்காரக் கூடாது என்று ஒர்லீனா காலையிலேயே சொல்லிவிட்டிருந்தாள். அதை மாற்றிச் சொல்ல இப்போது வாய் வரவில்லை. டல்சி தட்டில் அவரையும் உப்புக்கறியும் சோளரொட்டியும் வைத்துக் கொண்டுவந்தாள். ஆஸ்பி விறகுக் கட்டைமேல் உட்கார்ந்து சாப்பிட்டான். தட்டைத் தானே கழுவி வைத்தான்.

தேய்த்துக் கழித்த ஈயத்தை என்ன செய்வது என்று கேட்டான். குண்டாக வார்த்துவிடு என்றாள். வார்த்தான்.

வேலிக் கதவுவரை அவள் நடந்தாள். அவ்வளவு தூரம் அவள் யாரையும் வழியனுப்பியதில்லை.

"எங்கப்பா வயசான காலத்துல" என்றான் ஆஸ்பி, கதவின்மேல் கையை வைத்துக்கொண்டு, "போட்டி நடக்கற எடத்துக்கு வர்றத விட்டுட்டாரு. வீட்டு வாசல்லயே ஒக்காந்திருப்பாரு. சுடுற சத்தம் கேக்கும். எல்லா சத்தத்துக்கும் தலை குனிஞ்சு பிடி செதுக்கிட்டிருப்பாரு. ஒங்க துப்பாக்கி சத்தத்துக்கு மட்டும் நிமிந்து பாப்பாரு. ஏம்ப்பான்னு கேட்டா ஒண்ணுமில்லம்பாரு. இவருக்கு கெட்ரன் வீட்டு மேல அவ்வளவு பொறாமையான்னு நெனச்சேன்." கொஞ்சம் சிரித்தான். "நானும் எப்படிப்பட்ட புள்ள பாருங்க."

ஒர்லீனாவுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. "இருட்டறதுக்குள்ள போய்ச் சேரு" என்றாள்.

போட்டி அன்று பனி மெலிதாக விழுந்திருந்தது. ஒவ்வொருவனும் நெருப்பில் கருக்கிய தன் பலகையில் கத்தியால் ஒரு சிலுவை கீறி, மரத்தில் சாத்திவிட்டு வந்தான். கீழே கிடந்த மரக்கட்டைமேல் குழலைச் சாத்திப் படுத்துச் சுட்டார்கள். லைஜ் சுட்டபோது குண்டுக்குக் குண்டு குழல் துடைக்கவில்லை. துணி கிழியவில்லை. கரி எங்கும் பிடிக்கவில்லை. பலகையை எடுத்து வந்து பார்த்தபோது சிலுவை இருந்த இடத்தில் ஒரே ஓட்டை. எல்லாக் குண்டும் ஒன்றன்பின் ஒன்றாக அதன் வழியே போயிருந்தன. பலகையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு லைஜ் சின்னப் பையன் மாதிரி குதித்தான்.

"நொண்டாத குழல்னா இப்படித்தான் சுடும்!" என்று கத்தினான் பர்ல். "ஆஸ்பி, நல்லா பாத்துக்கய்யா!"

"பாத்துட்டுத்தான் இருக்கேன்" என்றான் ஆஸ்பி.

அவனும் சுட்டிருந்தான். ஆறாவதாக வந்தான். கோடரியை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போய் ஈயம் கொத்தத் தொடங்கினான். அவன் வார்த்துக் கொடுத்த குண்டுகளும் அதற்குள்தான் இருந்தன.

போதகர் ஒர்லீனாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். சுற்றிலும் ஆட்கள். "இத்தன வருஷத்துக்கப்புறமும் ஜூபல் கை பேசுது. ஜூபல் கைதானே இது, மிஸ் ஒர்லீனா?"

மரத்தடியில் கோடரிச் சத்தம் நின்றது.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஓங்கிய கோடரியைத் தோளளவில் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடி நின்றான். அவன் அப்பா வாசலில் நிமிர்ந்து பார்ப்பார் என்று சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. இவன் அதுபோல இப்போது காதை மட்டும் நிமிர்த்தி நின்றான். சைலஸ் ரெய்ன்ஸ் என்று சொன்னால் போதும். பெயருக்கு ஆகும் நேரம்தான் ஆகும்.

"ஆமா" என்றாள் ஒர்லீனா. "எங்கப்பா கை."

கோடரி மறுபடி மரத்தில் இறங்கியது.

அன்று சாயங்காலம் பின்னந்தொடையில் பாதியை வெட்டி லைஜிடம் கொடுத்து ஆஸ்பி வீட்டுக்கு அனுப்பினாள். லைஜ் கறியோடு திரும்பி வந்தான். "வேண்டாங்கறான்க்கா. தேய்ச்ச அன்னைக்கே சாப்பாடு போட்டாச்சாம். அதோட கணக்கு தீந்துச்சாம். நல்லாத்தான் பேசினான், கோவமில்ல." கோபமில்லை என்றதுதான் அவளை உறங்கவிடவில்லை.

சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று குளிர்காலம் போனது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவன் பின்வரிசையில் உட்காருவான். இவள் முன்வரிசையை விட்டு எழுந்து போக வேண்டும். அவ்வளவு தூரம் எழுந்து போன கெட்ரன் யாரும் இல்லை. ஓடையில் பனி உருகிய சமயம் டல்சி பேச்சுவாக்கில் சொன்னாள். ஆஸ்பி ஏக்ரன் நகரத்துக்குப் போய்விட்டானாம். டயர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் கூட்டிக்கொண்டு போய்விட்டாளாம். போய் இரண்டு ஞாயிறு ஆகிறதாம்.

ஒர்லீனா சால்வையைப் போர்த்திக்கொண்டு தனியே ரெய்ன்ஸ் பட்டறைக்கு ஏறினாள். பிறந்ததிலிருந்து அந்தப் பாதையில் அவள் கால் வைத்ததில்லை. கதவு பூட்டாமல் கிடந்தது. சுவரில் இரண்டு முளைகள். நடுவே நீளமாக, சுற்றியிருந்த புகைக்கறை படியாத ஓர் இடம். புரி வெட்டும் கட்டை அங்கேதான் கிடந்திருக்க வேண்டும். எடுத்துக்கொண்டு போனானா, அடுப்பில் போட்டானா, தெரியவில்லை. அந்த ஆப்பு வைத்த கட்டை இருந்திருந்தால் அதையாவது நாலு பேரிடம் காட்டலாம். அடுப்புச் சாம்பலைக் கிளறிப் பார்த்தாள். சாம்பலாகத்தான் இருந்தது.

அடுத்த கிறிஸ்துமஸில் லைஜ் தோற்றான். சிலுவைக்கு ஒரு கையளவு தள்ளிக் குண்டுத் துளைகள் சிதறிக் கிடந்தன. அவன் கண்ணில் வெள்ளை விழுந்துகொண்டிருந்தது. டல்சிக்குத் தெரியும், ஒர்லீனாவுக்கும் தெரியும். அவன் ஒத்துக்கொள்ள மாட்டான்.

"எனக்கு அன்னைக்கே சந்தேகம்" என்றான் பர்ல், பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து. "நாந்தான் பக்கத்துல நின்னேனே. அந்த ரெய்ன்ஸ் எமரிய வாய் வரைக்கும் இழுத்து இழுத்து விட்டான். ஒரு வருஷம் நல்லா சுடும், அப்புறம் வாய் அகண்டு போயிடும். அப்பன் பட்ட அவமானத்துக்கு மகன் பழி வாங்கிட்டு ஊர விட்டே ஓடிட்டான்."

மாட்டின் கால்களைப் பிரிப்பதற்குள் அந்தப் பேச்சு எல்லோர் வாய்க்கும் போய்விட்டது. ஒருவன் தானும் பார்த்ததாகச் சொன்னான். லைஜ் தலையைக் குனிந்துகொண்டு கேட்டபடி நின்றான். கண்ணைச் சொல்வதைவிட ஆஸ்பியைச் சொல்வது அவனுக்கு வசதியாக இருந்தது.

ஒர்லீனா நடுவில் வந்து நின்றாள். அவள் அப்படி வந்து நின்றால் ஆண்கள் தொப்பியைத் தொட்டுக்கொண்டு பேச்சை நிறுத்துவது வழக்கம்.

"அந்தத் துப்பாக்கிய எடு" என்றாள். லைஜ் நீட்டினான். குண்டு ஒன்றை வாங்கிக் குழல் வாய்மேல் வைத்தாள். குண்டு ஒரு பக்கமும் சாயாமல், வட்டத்துக்கு வட்டம் சரியாக உட்கார்ந்தது. "வாய் அகண்டிருந்தா இது உள்ள விழுந்திருக்கும். பாத்துக்கோங்க. ஆஸ்பி ரெய்ன்ஸ் இதக் கெடுக்கல. அவரு தேய்ச்சத நான் பக்கத்துல நின்னு முழுசும் பாத்தேன். பர்ல் டிப்டன் பாக்கல. அவரு மத்தியானத்துக்கு முன்னாடியே மில்லுக்குப் போயிட்டாரு."

யாரோ சிரித்தார்கள். பர்ல் முகம் சிவந்தது.

"இன்னும் இருக்கு" என்றாள் ஒர்லீனா. "விசை எங்கப்பா செஞ்சது. பிடிமரம் எங்கப்பா செஞ்சது. குழல் அவரு வெட்டல. சைலஸ் ரெய்ன்ஸ் வெட்டினது. உள்ள அவரு தடம் இருந்துச்சு. நொண்டல்னு நாம சிரிச்சோமே, அதுவேதான். மொத இழுப்பு இழுத்தது நான். என் கையில தட்டுச்சு. ஈயத்துலயும் இருந்துச்சு. ஆஸ்பியும் பாத்தாரு. நான் தேய்க்கச் சொன்னேன்."

மாட்டுக்கொழுப்பு கொதிக்கும் அண்டாவின் சத்தம் மட்டும் கேட்டது. லைஜ் அவளை வாய் பிளந்து பார்த்தான். பர்ல்தான் முதலில் தொப்பியைக் கழற்றினான். அவன் கண் கலங்கியிருந்தது.

"அத்தை," என்றான், "என்ன வாய மூடச் சொல்லியிருந்தாலே போதும். ஒரு ரெய்ன்ஸக் காப்பாத்தறதுக்காக நீங்க ஒங்களப் பெத்த அப்பா குழலயே தூக்கிக் குடுக்கணுமா? இனிமே அவனப் பத்தி ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

"நான் சொல்றது காதுல விழலயா? குழல் சைலஸோடது."

"விழுந்துச்சு அத்தை. நல்லா விழுந்துச்சு."

"லைஜ், நீ சொல்லு."

"ஜூபல் கெட்ரன் பொண்ணுன்னா சும்மாவா?" என்றார் போதகர், லைஜ் வாயைத் திறப்பதற்குள்.

எல்லோரும் அவளைச் சுற்றி வந்து கையைப் பிடித்தார்கள். காட்ட அவளிடம் ஈயம் இல்லை. கட்டை இல்லை. குழலின் உள்ளே கண்ணாடி போல வழவழப்பு. அதற்குள் எந்த வெளிச்சத்தைக் காட்டினாலும் ஒன்றும் தெரியாது. ஆஸ்பியின் வேலை அவ்வளவு சுத்தம்.

அந்த ஞாயிறு பிரசங்கமே அதைப் பற்றித்தான். பகையாளியின் பெயர் கெடாமல் இருக்கத் தன் தகப்பன் பெருமையையே தானம் செய்த பெண் என்று போதகர் அவளை நிற்கவைத்துச் சொன்னார். அவள் நிற்கவில்லை, அதையும் பணிவு என்றார்கள். ஏக்ரன் பக்கம் வேலைக்குப் போகிறவர்களிடமெல்லாம் ஆஸ்பியைப் பார்த்து, குழல் அவன் அப்பாவுடையது என்று தான் சொல்லிவிட்டதாகச் சொல்லச் சொன்னாள். அங்கே போய்ச் சேர்ந்தது பிரசங்கம்தான். "மிஸ் ஒர்லீனாவுக்கு நன்றி சொல்லுங்க" என்று ஆஸ்பி சொன்னதாக ஒருவன் வந்து சொன்னான். வேறு ஏதாவது சொன்னானா என்று கேட்டாள். இல்லை என்றான்.

ஒர்லீனா கெட்ரன் பெருந்தன்மையால் அந்தக் குழலை ரெய்ன்ஸ் வீட்டுக்குக் கொடுத்தாள் என்று லாரல் ஓடையில் இன்றும் சொல்கிறார்கள். அப்படி அல்ல. குழலை வெட்டியவர் சைலஸ் ரெய்ன்ஸ். அவர் தடத்தைத் தேய்த்து எடுத்தவர் அவர் மகன். தேய்க்கச் சொன்னவள் ஒர்லீனா.